செந்தட்டியின் தலைப் பள்ளம்

மொட்டைப்பாறையில் ஒருத்தருக்கும் கெட்ட கனவே வராமல் போன காலம் ஒன்று உண்டு. அதைப் பற்றி இப்போது கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அவர்கள் தின்ற சோறு செரித்ததும், போட்ட குறட்டை தெருமுனை வரைக்கும் கேட்டதும், எழுந்து சோம்பல் முறித்த முகங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மினுங்கியதும், எல்லாமே செந்தட்டி என்கிற ஒரே ஒரு மனுஷனின் தலையில் இருந்த பள்ளத்தால்தான்.

செந்தட்டிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே தூக்க வியாதி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கை தட்டில் நிற்கத் தூங்கிப்போவான், சைக்கிள் மிதிக்கும்போது தூங்குவான், தன் கல்யாணத்தன்று தாலியை இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு மூன்றாவது முடிச்சுக்குள் தூங்கிவிட்டான். நன்றாகச் சிரித்துவிட்டால் போதும், முழங்கால் இரண்டும் துணி மாதிரி மடிந்து அப்படியே தரையில் சரிவான். அதனால் அவனைச் சிரிக்கவைத்து விழவைப்பது அந்த ஊரில் ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. கல்குவாரியில் சம்மட்டி கொடுத்தால் தன் காலிலேயே போட்டுக்கொள்வான் என்று மேஸ்திரி கொம்பையா அவன் கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்திருந்தார். வெடி வைக்கிற நேரத்தில் மேஸ்திரி விசில் ஊதுவார், ஊதியதும் செந்தட்டி பாதையின் நடுவில் கொடியைப் பிடித்து நின்று ஆட்களை மறிக்க வேண்டும், மறித்த பிறகுதான் திரியில் நெருப்பு. ஊரில் எத்தனையோ இடத்தில் தூங்கி விழுந்தவன் வெடி நேரத்தில் ஒரு தடவைகூடத் தூங்கியதில்லை. அதை யாரும் கவனித்துச் சொன்னதில்லை, கவனிக்கிற ஊரும் இல்லை அது.

ஒரு நாள் வெடித்தபோது பாதையில் ஆட்கள் இருந்தார்கள். மூன்று பேர் செத்தார்கள், ஒரு கல் வந்து செந்தட்டியின் இடது மண்டையைப் பிளந்தது. ரத்தம் காய்வதற்குள் மேஸ்திரி கொம்பையா சொல்லிவிட்டார், "நான் விசில் ஊதுனேன், அந்தத் தூங்குமூஞ்சி தூங்கிட்டான்." ஊர் அதைக் கேட்டது, தலையாட்டியது, நம்பியது. நம்புவதற்கு அது அவ்வளவு வசதியாக இருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் மூளை வீங்கியிருக்கிறது என்று மண்டை எலும்பில் ஒரு உள்ளங்கை அகலத்தை வெட்டி எடுத்து, அது கெட்டுப்போகாமல் இருக்க அவன் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார்கள். வீக்கம் வடிந்ததும் திரும்பப் பொருத்த வேண்டும், ரொம்ப நாள் விடக் கூடாது, வயிற்றுக்குள் இருக்கிற எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் என்று டாக்டரம்மா செந்தட்டியின் மனைவி சண்முகக்கனியிடம் இரண்டு தடவை சொன்னார். தூக்க வியாதி இருக்கிறவனுக்கு மண்டையில் அடியும் பட்டால் தூக்கம் இன்னும் கனத்துப்போகும், விழித்திருக்க மாத்திரை தருகிறேன், விடாமல் கொடு என்றும் சொன்னார். கனி எல்லாவற்றையும் மனதில் முடிந்துகொண்டு, இடப்பக்கத் தலையில் பள்ளத்தோடும் வயிற்றில் ஒரு மேட்டோடும் இருந்த புருஷனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

அவனுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. கண் விழிக்கிற கொஞ்ச நேரத்தில் அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"ஏ கனி, நான் தூங்கிட்டேனா? நெசத்தச் சொல்லு. மூணு பேரை நான்தான் கொன்னேனா?"

"நீங்க தூங்கியிருக்க மாட்டீங்க" என்பாள் கனி. ஆனால் அவள் அங்கே இல்லை. அவள் சொல்வதில் பலம் இல்லை என்று அவளுக்கே தெரியும். அவனுடைய அந்த ஒரு நாள் அவனுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. குணமானால் வந்துவிடும், கனவிலாவது வந்துவிடும் என்று நம்பிக் காத்திருந்தாள்.

கனவு வந்தது. அவனுடையது இல்லை.

வெடியில் புருஷனைப் பறிகொடுத்த வெயிலாட்சி ஒரு மத்தியானம் கை நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு, செந்தட்டியைத் தூற்றிச் சபிப்பதற்காக அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். காதுக்குப் பக்கத்தில் போய்ச் சபித்தால்தான் உறைக்கும் என்று குனிந்தவள், புருஷன் செத்ததிலிருந்து கண் மூடாதவள், கண்ணை மூடினால் புருஷனின் கை மட்டும் தனியாக நடந்து வந்து சோறு கேட்பதைப் பார்த்துப் பதறி எழுந்தவள், அசதி தாங்காமல் அப்படியே அந்தப் பள்ளத்தில் நெற்றியை வைத்துச் சாய்ந்துபோனாள். வெயில் தாழ்ந்து எழுந்தபோது அவள் முகம் குழந்தை முகமாக இருந்தது. அந்தக் கனவு அவளுக்கு வரவில்லை, அதற்குப் பிறகு வரவே இல்லை. செந்தட்டிதான் அலறி எழுந்து, "கையி, கையி, சோறு கேக்குது" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினான்.

"யம்மா கனி, நான் எதுவும் செய்யலத்தா, சாய்ஞ்சேன், அம்புட்டுத்தான்" என்று வெயிலாட்சி கையெடுத்துக் கும்பிட்டாள். கனிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு வந்த இரண்டு வீட்டுக்காரர்களும் வெடியில் ஆளை இழந்தவர்கள்தான், அவர்களையும் அவள் தடுக்கவில்லை. அவள் செய்த தப்பு அதுதான் என்றால், அதைத் தப்பென்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

மொட்டைப்பாறை ஒரு நல்ல விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு முறை வைத்துவிடும். குடிதண்ணீர் லாரி வந்தால் கீழத்தெருவுக்கு ஒரு நாள், மேலத்தெருவுக்கு ஒரு நாள், காலனிக்குக் கடைசி நாள் என்று இருந்த அதே முறை செந்தட்டியின் பள்ளத்துக்கும் வந்தது. யாரும் அதிசயப்படவில்லை, யாரும் பூஜை போடவில்லை, பஞ்சாயத்துத் தலைவர் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினார், வாசலில் பந்தல் போட்டார்கள், பந்தலில் மண்பானைத் தண்ணீர் வைத்தார்கள். வெற்றிலை போட்டவர்கள் துப்பிவிட்டு வர வேண்டும் என்றும் தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள் துண்டு விரித்துச் சாய வேண்டும் என்றும் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தை ஒருத்தரும் மதிக்கவில்லை. குடங்களைப் போல மனுஷத் தலைகள் வரிசையில் வந்தன, சாய்ந்தன, காலியாகித் திரும்பின.

என்னென்ன கொட்டினார்கள்! மாமியாருக்குக் கஞ்சி ஊற்றாமல் மாட்டுக்கொட்டகையில் போட்டுச் சாகவிட்டவள் வந்து கொட்டினாள், அன்றைக்கெல்லாம் செந்தட்டி கிழவியின் குரலில் "ஒரு வாய் கஞ்சித் தண்ணி" என்று மன்றாடினான். நாயைக் கிணற்றில் தள்ளிவிட்டு அது நீந்தி நீந்தி ஓய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தவன் கொட்டினான், செந்தட்டி கட்டிலில் கைகால் அடித்துக்கொண்டு நீந்தினான். அண்ணன் பெண்டாட்டியைக் குளிக்கும்போது எட்டிப் பார்த்தவன், தம்பி நிலத்து எல்லைக்கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டவன், காலனிக்காரர் வண்டியைக் கொளுத்திவிட்டு வந்து கறி தின்றவன், எல்லோரும் நெற்றியில் திருநீறோடு வந்து சாய்ந்தார்கள். சாய்ந்து எழுந்தவர்கள் லேசானார்கள். அழுக்குப் போனால் மனுஷன் சுத்தமாவான் என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கனவு போனதும் அவர்களிடம் இருந்த கொஞ்சநஞ்ச அச்சமும் அதோடு போய்விட்டது. இரண்டாவது நாயையும் கிணற்றில் தள்ளினான் ஒருத்தன், மறுநாளே வரிசையில் வந்து நின்றான்.

கனி தினமும் படுக்கையைத் தட்டிப் போடுவாள். தலையணையை எடுத்தால் ஊரார் தலை எண்ணெய், ஊரார் பொடுகு, ஊரார் எச்சில் வடிந்து காய்ந்த வட்டங்கள். புருஷன் காதில் புகையிலை வாடை, அவன் கன்னத்தில் யாரோ ஒருத்தியின் நரைமுடி. வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துத் துடைத்து அவன் தோல் சிவந்துபோனது. துடைத்த துணியை அவள் துவைக்கவில்லை, எரித்தாள்.

மேஸ்திரி கொம்பையாவும் வந்தார். தன் தெரு முறையன்று வெள்ளை வேட்டி கட்டி, வரிசையில் ஆள் விலக, முதல் ஆளாக வாசலுக்கு வந்தார்.

"என்ன தங்கச்சி, மாப்ள தூக்கந்தானா?" என்று சிரித்தார்.

"உங்களுக்கு என்ன கனவுண்ணே?" என்று கனி வாசலை மறித்துக் கேட்டாள்.

"அது எதுக்கு உனக்கு? தலைவரே சொல்லியிருக்காரு, கேக்கப்படாதுன்னு."

அதுவும் ஒரு சட்டம்தான், அதை மட்டும் எல்லோரும் மதித்தார்கள். மேஸ்திரி மற்றவர்களைப் போல நெற்றியை வைக்கவில்லை, வாயைப் பள்ளத்தில் அழுத்தி வைத்துப் படுத்தார். வெகுநேரம் படுத்தார். எழுந்தபோது அவர் கண்ணுக்கடியில் இருந்த கருப்பு போயிருந்தது. அன்றைக்குச் செந்தட்டி அலறக்கூட இல்லை, கன்னத்தை உப்பி உப்பிக் காற்றை அடக்கிக்கொண்டு, முகம் நீலம் பாரித்துப்போக, கனி முதுகில் அடித்து அடித்துத்தான் அவனை மூச்சுவிட வைத்தாள். அடுத்த வாரத்திலிருந்து குவாரியில் விசிலே இல்லாமல் வெடி வெடித்தது.

"எல்லாரும் வந்துட்டாங்க கனி, எனக்குள்ள" என்றான் செந்தட்டி ஒரு நாள், அபூர்வமாகத் தெளிந்திருந்த ஒரு சாயங்காலத்தில். "என்னோடது மட்டும் வரல. வர்றதுக்கு எடம் இல்ல. நான் தூங்குனேனான்னு இனிமே எனக்குத் தெரியவே தெரியாதா?"

எலும்பை வைக்கிற நாள் வந்தது. தலைவர் பந்தலில் கூட்டம் போட்டார். கோயில் பொங்கல் சாட்டியிருக்கிறது, பொங்கல் முடியட்டும் என்றார்கள். முடிந்ததும், ஆடியில் ஆபரேஷன் ஆகாது என்றார்கள். ஆடி போனதும், மேலத்தெருவுக்கு இரண்டு முறை பாக்கி இருக்கிறது என்றார்கள்.

"வயித்துல எலும்பு கரையுது தலைவரே" என்று கனி கத்தினாள். "தொட்டுப் பாருங்க, ஓரமெல்லாம் தேஞ்சுபோச்சு!"

"ஏம்மா கனி, மூணு பேரு உசுரப் போக்குனவன் உன் புருசன்" என்றார் தலைவர், வாஞ்சையாக, பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி. "ஊருக்குப் பட்ட கடனக் கழிக்கான்னு நெனச்சுக்கோ. பெரிய மனசு பண்ணித்தான் அவனை நாங்க விட்டு வச்சிருக்கோம்."

கூட்டம் தலையை ஆட்டியது. அத்தனை பேரும் நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள், அத்தனை முகத்திலும் அந்த மினுமினுப்பு. கனிக்கு வாந்தி வந்தது, பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். மசக்கையோ என்று ஒருத்தி கேட்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம் மாத்திரை. ஆள் விழித்திருந்தால் யார் தலையைச் சாய்க்க முடியும்? அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் சோலையப்பன்தான் மாதாமாதம் டவுனுக்குப் போய் வாங்கி வந்தான். ஆனால் மாத்திரை கொடுக்கக் கொடுக்கச் செந்தட்டியின் தூக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. தப்பித்தவறி விழித்திருக்கிற நாளில் கீழத்தெரு கோமாளி ஒருத்தனைக் கூட்டி வந்து, குரங்கு மாதிரியும் தாசில்தார் மாதிரியும் நடிக்கவைத்து, அவனைச் சிரிக்கவைத்தார்கள். அவன் சிரிக்க மாட்டேன் என்று உதட்டைக் கடிப்பான், கண்ணில் நீர் வரும், கடைசியில் பாழும் சிரிப்பு வந்துவிடும், முழங்கால் மடியும். விழுந்தவனைத் தாங்கிப் பிடித்துப் படுக்கவைக்க இரண்டு பேர் தயாராக நின்றார்கள். விழுந்து அடிபட்டுப் பள்ளம் கெட்டுவிடக் கூடாதே என்கிற அக்கறை.

கனி ஒரு நாள் மாத்திரையைத் தன் நாக்கில் வைத்தாள். முதலில் கொடுத்தது கசந்து பிடரியில் ஏறும், வாய் கொப்பளித்தாலும் போகாது. இது சுண்ணாம்பு மாதிரி மாவாகக் கரைந்தது. அட்டையைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்தாள். அது எலும்புக்குத் தெம்பு தருகிற ஏதோ சத்து மாத்திரை. கம்பெனி மாறியிருக்கிறது என்று அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது.

சோலையப்பனிடம் அட்டையை நீட்டினாள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை.

"பாதையில கெடந்தத அன்னைக்கு அள்ளி டிராக்டர்ல போட்டவன் நான் கனி" என்றான். "மூணு பேரு, எது யாருதுன்னு தெரியாம அள்ளுனேன். எம் மகளுக்குச் சோறு பெசையப் போனா அந்த நெனப்பு. இங்க வந்து சாய்ஞ்ச பொறவுதான் நான் மனுசனா சோறு திங்கேன். என்னை என்ன செய்யச் சொல்லுத?"

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லண்ணே."

"கேட்டா சாய எடம் குடுத்திருப்பியா?"

அவள் யோசித்தாள். கொடுத்திருப்பாள். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. மேஸ்திரி மேல் வந்த அருவருப்பைவிடத் தன் அண்ணன் மேல் வந்த அருவருப்பு கொஞ்சம் குறைவாக இருந்ததும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் உச்சிவெயிலில் அவள் செந்தட்டியை எழுப்பி, முகத்தில் தண்ணீர் அடித்து, சட்டை மாட்டிக் கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க ஆள் விழித்திருந்தால்தானே? மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஊரே அவன் தயவில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பந்தலில் வரிசைக்காரர்கள் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள், கடையில் கடைக்காரர் தராசுமேல் தூங்கினார், தலைவர் வேப்பமரத்தடியில் வாயைப் பிளந்து தூங்கினார். கனி நடுத்தெருவில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்களைத் தாண்டித் தாண்டி, ஒருத்தர் நெஞ்சைக்கூட மிதிக்காமல் நடந்தாள். மிதிக்காமல் வந்தோமே என்று பஸ் ஏறிய பிறகு வருத்தப்பட்டாள்.

"இவ்வளவு நாள் கழிச்சா கூட்டிட்டு வருவீங்க?" என்று டாக்டரம்மா திட்டினார். ஓரமெல்லாம் அரித்துப் போயிருந்தது, இருந்தாலும் பொருந்தியது. பொருத்தி முடித்த அந்த நேரத்தில், மொட்டைப்பாறையில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒன்றாக அலறினார்கள். அவரவர் கொட்டியது அவரவருக்கு வந்து சேர்ந்தது, முறை தப்பாமல், வீடு மாறாமல். நாயைத் தள்ளியவன் தெருப்புழுதியில் நீந்தினான். கிழவியின் குரல் கேட்டவள் அடுப்பில் கஞ்சிப் பானையை ஏற்றி யாருக்கு ஊற்றுவது என்று தெரியாமல் ஊர் முழுக்கத் திரிந்தாள். வெயிலாட்சி மட்டும், கை நடந்து வந்து கேட்டபோது, ஒரு தட்டில் சோற்றைப் போட்டு அதன் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாளாம். அவளைப் பற்றி மட்டும் என்னால் கேவலமாக ஒன்றும் சொல்ல முடியாது.

தையல் பிரித்து ஊருக்குத் திரும்பிய பிறகு கனி கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். டாக்டரம்மா கையாலேயே வாங்கி வந்த மாத்திரையைக் கொடுத்தாள். தூக்க வியாதி போய்விடவில்லை, அது போகிற வியாதி இல்லை. ஆனால் அவன் தூங்கினால் இப்போது தனியாகத் தூங்கினான். கனி பக்கத்தில் உட்கார்ந்து, துவைத்த தலையணை உறையில் துவைத்த வாடை மட்டும் வருவதை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தலடியில் அவர்கள் மறுபடியும் கூடினார்கள். கண் சிவந்து, தாடி முளைத்து, தூக்கமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழுந்துகொண்டு வந்தார்கள். ஒரு காலையில் மேஸ்திரி கொம்பையா கதவைத் தட்டினார். அவர் வேட்டி அழுக்காக இருந்தது.

"தங்கச்சி, எலும்பு வச்சாங்களே, சின்னதா ஒரு தொளை எதுவும் விட்டிருக்காங்களா?" என்றார். "விரல் போற அளவு இருந்தாப் போதும்."

கனி கதவைச் சாத்தப் போனாள். பின்னால் கட்டிலில் செந்தட்டி திடுக்கிட்டு எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. வியர்த்து வழிய, மூச்சு வாங்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"இது யாரோடது?" என்று பழக்கத்தில் கேட்டாள்.

"என்னோடது" என்றான் செந்தட்டி. சொல்லிவிட்டு அந்த வார்த்தையையே நம்ப முடியாதவனாக அவளைப் பார்த்தான். "என்னோடதுதான் கனி. பாறை சுட்டுச்சு, உள்ளங்கால் கொப்புளிச்சு நிக்கேன். கொடி சுருட்டி கக்கத்துல இருக்கு. மூணு பேரும் என்னைத் தாண்டிப் போறாங்க, 'என்ன செந்தட்டி, போலாமா'ன்னு கேக்காங்க. விசில் இன்னும் ஊதலண்ணே, போங்கன்னு சொல்லுதேன். ஊதவே இல்ல. கனி, நான் தூங்கல. முழிச்சுத்தான் இருந்தேன்."

அழுதுகொண்டே எழுந்து வாசலுக்கு வந்தான். வந்து ஊரைப் பார்த்து அதையே சொன்னான். மேஸ்திரி முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

கூட்டம் தரையைப் பார்த்தது. வெயிலாட்சி மட்டும் மேஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"கனவுதானப்பா" என்றார். "கனவுல கண்டதுக்கெல்லாம் ஊரு பொறுப்பாக முடியுமா?"

"ஆமா, கனவுதானே" என்றார் மேஸ்திரி.

"கனவுதான், கனவுதான்" என்று ஊரே சொன்னது, மாதக்கணக்காக அதே வாசலில் வரிசையில் நின்ற ஊர்.

செந்தட்டி அவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான். அவர்கள் ஒவ்வொருத்தரும் உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. யாரும் குரங்கு வேஷம் போடாமல், யாரும் தூண்டாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான், சிரிக்கச் சிரிக்க முழங்கால் மடிந்தது, கனி தன் மேல் சாய்த்துக்கொண்டு அவனை வாசற்படியில் மெல்ல இறக்கினாள். அவன் கண் மூடியது.

அப்போது கூட்டம் நகர்ந்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவில்லை. முந்தானையைச் சரிசெய்தபடி, வெற்றிலையைத் துப்பியபடி, மேஸ்திரியை முதலில் விட்டு, கீழத்தெரு முன்னாலும் மேலத்தெரு பின்னாலும் காலனி கடைசியிலுமாக, அவர்கள் வரிசையில் நின்றார்கள்.

கனி அவர்கள் காலடியில் காறித் துப்பினாள்.